எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு பேசிய விலை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை வரை நம் வீட்டில் சமையல் மட்டும் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உன் அம்மா பூனையைப் பார்த்து, "சாப்பிடச் சொல்லு" என்பாள். பூனையும் என்னைப் பார்க்கும். நான் சாப்பிடுவேன். இப்படி ஒரு வாரம் ஓடியது. நீ கோலாலம்பூரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாய். இங்கே மலாக்காவில், காஜா பெராங்கில், உன்னால் ஒரு மனுஷன் பூனையோடு குடித்தனம் நடத்தினான் என்பது உனக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் நீ கேட்ட ஒரு வரிக் கேள்விக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ எழுதியது இதுதான். ஆவணியில் கல்யாணம். அப்பா உன் நகைக்கென்று சேர்த்து வைத்திருக்கும் நாலாயிரம் வெள்ளிப் பணத்தில் உனக்கு நகை வேண்டாம். அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார், தன்னுடைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார் என்று பேப்பரில் பார்த்தாய். நாலாயிரத்து ஐநூறு கேட்கிறார். அந்த விலை நியாயமா என்று அப்பா பார்த்துச் சொல்ல வேண்டும், நியாயமென்றால் வாங்கித் தர வேண்டும். எதற்கு அந்தக் கார் என்றால், "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று இரண்டே சொல். மாப்பிள்ளைக்கு ஆட்சேபம் இல்லை, அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்றும் அடியில் சேர்த்திருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்து நான் சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. "சிரிங்க, நல்லா சிரிங்க. கல்யாணத்தன்னிக்குக் கழுத்துல காடியவா மாட்டிக்கிட்டு நிப்பா?" என்று கேட்டுவிட்டு உன் அம்மா பூனைப் பக்கம் திரும்பியவள்தான். எனக்குத்தான் அது கார், அவளுக்குக் காடி.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. தங்கம் விலை ஏறும், கார் விலை இறங்கும். ஆத்திர அவசரத்துக்கு ஒரு வளையலைக் கழற்றி வைத்தால் அரிசி வரும். ஈப்போவில் முன்பின் தெரியாத புகுந்த வீட்டுக்குள் நீ வெறுங்கழுத்தோடு நுழைய, வாங்கிய கார் ஆறே மாதத்தில் வாசலில் இரும்புக் குப்பையாக நின்றால், அந்த வீட்டுப் பெண்கள் உன்னை என்ன பேசுவார்கள் என்று நினைத்து அவள் தூங்கவில்லை. நானும்தான் சரியாகத் தூங்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வாடகைக் கார் ஓட்டுகிறவன் நான். விலையில் ஏமாந்தால் போகிறது என்று இருந்துவிடலாம், ஆனால் இது என் பணம் இல்லை, உன் கழுத்துக்கு வர வேண்டியது. இதில் மட்டும் தவறக் கூடாது என்று பயமாகவே இருந்தது.

காரின் பெயரை இதில் எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. உன் பெயருக்கு மாறும் வரை கண் பட்டுவிடுமாம். எந்தக் கார் என்று உனக்குத் தெரியும். நீண்ட மூக்கு, கரும்பச்சை நிறம், இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், மேலே துணிக்கூரை. புதிதில் அதை வாங்கிய பணத்துக்கு நம் தெருவில் இரண்டு வீடு வாங்கியிருக்கலாம்.

பழைய காரைப் பார்க்கப் போகிறவன் முதலில் தன் கண்ணை நம்பக் கூடாது. யுத்தம் முடிந்த பிறகு நான் வாங்கிய முதல் வாடகைக் காரை உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ சின்னப் பிள்ளை. கண்ணாடி மாதிரி பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்தே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். முதல் முதலாகக் குடும்பத்தோடு மூவாருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பாதி வழியில் உன் அம்மா, "என்னாங்க, என் செருப்பக் காணோம்" என்றாள். குனிந்து பார்த்தால், காலடியில் விரிப்புக்குக் கீழே தகரம் இல்லை, தார் போட்ட சடக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. செருப்பு எந்த மைலில் விழுந்ததோ. அவள் ஒற்றைச் செருப்போடு கல்யாண வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து எந்தக் காரைப் பார்த்தாலும் நான் முதலில் விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறேன். நீயும் பார். மலாக்காவில் கடல் காற்று கீழேயிருந்துதான் தின்னும், மேலே பெயிண்ட் சிரித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, விலை என்பது காரில் மட்டும் இல்லை. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறுகிறார்கள். பெரிய பெரிய கார்களையெல்லாம் விற்கிறார்கள், வாங்கத்தான் ஆள் குறைவு. நம் ஊரில் காரில் காசு போடுகிறவன் எட்டுப் பேரை ஏற்ற முடியுமா என்று பார்ப்பான். இரண்டு பேர் உட்காரும் காரை யார் வாங்குவார்? ஆகவே புதிதில் என்ன விலை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. நாளைக்கு நீ இதை விற்கப் போனால் எவன் வாங்குவான், என்ன தருவான் என்று மட்டும் கேள். இன்னொன்று, வேகமான கார் வாங்கும்போது கேட்கும் விலை பாதிதான். மீதியை அது மாதாமாதம் கேட்கும். அதன் டயருக்கு என் காரின் டயரைப்போல இரண்டு மடங்கு விலை. ஒரு சின்னப் பாகம் உடைந்தால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். சாலை வரி எஞ்சின் பெரிதாகப் பெரிதாக ஏறும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்ஷூரன்ஸ்காரன் மூக்கைச் சுளிப்பான். உன் சம்பளத்தில் இதெல்லாம் போக அரிசிக்கு மிஞ்சுமா என்று நான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். மிஞ்சும். கருவாடு அடிக்கடி வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கிளம்பும்போது உன் அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறிவிட்டாள். கையில் பெரிய பை. "அந்தத் தோட்டத்துல மாரியம்மன் கோயில் இருக்காம், கும்பிட்டுட்டு வரலாம்னு. காடி பாக்க வரல" என்று பூனையிடம் சொல்லாமல் என்னிடமே சொன்னாள். ஒரு வாரத்துக்குப் பிறகு கேட்ட குரல், நான் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

துரைக்கு ஐம்பது வயது இருக்கும். வெயிலில் வெந்து சிவந்த மனுஷன். அவர் பேசும் தமிழைக் கேட்க வேண்டும் நீ. தோட்டத்தில் ஆட்களை வேலை ஏவியே கற்றுக்கொண்ட தமிழ், அதனால் அதில் அதட்டல் மட்டும்தான் இருக்கிறது. "வா. நிழல்ல உக்காரு. தண்ணி குடி" என்று உன் அம்மாவை அதட்டினார். அவள் முகம் மாறியது. பிறகு அவரே உள்ளே போய் நாற்காலி தூக்கி வந்து போட்டு, பங்களாவில் சமைக்கும் குசினிக்காரரிடம் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவரச் சொன்னதும்தான் அவளுக்குப் புரிந்தது, அது மரியாதை என்று. "பாவம், யாரும் சரியா சொல்லிக்குடுக்கல" என்றாள் என்னிடம் மெதுவாக.

நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. இது முக்கியம். நீ வருவதற்கு முன்பே ஒருவன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் அது போடும் சத்தத்தை உன்னிடமிருந்து மறைக்கிறான் என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. வரவில்லை. மைல் காட்டும் முள் மிகக் குறைவாகக் காட்டியது. அதை நம்பாமல் பிரேக் மிதியின் ரப்பரையும், ஸ்டீரிங்கில் கை பிடிக்கும் இடத்தையும், ஏறி இறங்கும் பக்கத்துத் தோல் இருக்கையின் ஓரத்தையும் பார்த்தேன். முள் பொய் சொன்னாலும் மிதி சொல்லாது. மூன்றும் தேயாமல் இருந்தன. கதவைத் திறந்து கீல் பக்கம் பெயிண்டைப் பார்த்தேன், வெளியில் உள்ள அதே பச்சை. இடித்து மறுபடி அடித்த காரானால் அங்கே இன்னொரு பச்சை ஒளிந்திருக்கும். காலையில் பெய்த மழையில் செம்மண் பாதை ஈரமாக இருந்தது. அதில் காரை நேராக ஓட்டச் சொல்லிவிட்டுத் தடத்தைப் பார்த்தேன். அடிபட்டு முதுகெலும்பு வளைந்த காரானால் பின் சக்கரத் தடம் ஒரு பக்கமாக விலகிப் போகும். இது நூல் பிடித்த மாதிரி போயிருந்தது. கமலா, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல கார்.

நல்ல கார் என்று தெரிந்ததும் முகத்தைத் தொங்கப் போட வேண்டும், அதுதானே பேரம். நான் சுற்றிச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினேன். ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். அப்போது உன் அம்மா எழுந்து வந்து, யாரையும் கேட்காமல் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே தோட்டத்து கேட் வரை போய்த் திரும்பினேன். என் வாடகைக் காரை மிதித்தால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகும். இது நினைக்கும் முன்பே போய்விட்டது. இந்த வயதில் எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் புரண்டது. அதை அவள் அள்ளி முடியவில்லை.

திரும்பி வந்து நான் பேரத்தை ஆரம்பித்தேன். துணிக்கூரை ஒழுகும், டயர் போகப் போகிறது, இதற்கு ஆள் கிடைக்க மாட்டான், நானும் ஏதோ மகள் கேட்டாளே என்று வந்தேன் என்று அடுக்கி, மூவாயிரம் என்றேன். துரையும் சளைத்தவர் இல்லை. "டவுன் டீலர் சனிக்கிழமை வருவான். நாலாயிரம் குடுப்பான். நீ வேண்டாம்னா போ" என்றார். சரி, இன்னும் ஒரு மணி நேரம் இழுக்கும் என்று நான் வெற்றிலையை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு தேங்காய், சூடம், குங்குமம், இரண்டு எலுமிச்சம்பழம். காரின் மூக்கில் பொட்டு வைத்தாள், சூடம் காட்டினாள், தேங்காயை ஒரு கல்லில் உடைத்தாள், பழங்களை முன் சக்கரம் இரண்டுக்கும் அடியில் வைத்தாள். அப்புறம் துரையைப் பார்த்து, "ஐயா, காடியக் கொஞ்சம் முன்னால எடுங்க" என்றாள். அந்த மனுஷனும் சொன்ன சொல் தட்டாமல் ஏறி உட்கார்ந்து காரை முன்னால் நகர்த்தினார். பழம் இரண்டும் நசுங்கின. குசினிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அடியே, என்ன காரியம் செஞ்ச? இன்னும் வெலையே பேசி முடியலையே!"

"பேசுங்க. யாரு வேணாங்கிறா? நாலரைக்கு ராகு காலம் வந்துரும். அப்புறம் ரெண்டு நாள்ல ஆடி பொறக்குது. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நல்ல நேரம் காத்துக்கிட்டு நிக்குமா?"

சாமி கும்பிட்டுப் பழம் நசுக்கிய வண்டியை எந்தத் தமிழனாவது வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறானா? இனி அவர் ஐயாயிரம் கேட்டாலும் கொடுத்துத்தானே ஆக வேண்டும். வேண்டாமென்று எழுந்து போகிறவனுக்குத்தான் பேரம் பேச வாய் உண்டு, அந்த வாயை இவள் அடைத்துவிட்டாள். நான் நொந்துபோய் துரையைப் பார்த்தால், அவர் என்னைவிட நொந்துபோய் நிற்கிறார். இத்தனை வருஷம் தோட்டத்தில் இருந்தவர் இல்லையா? புது லாரி வந்தாலும், ரப்பர் பால் நிறுக்கத் தராசு வந்தாலும் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பார்த்தவர். அதற்கு அர்த்தம் அவருக்கும் தெரியும்.

"குசினிக்காரன் பாத்துட்டான்" என்றார். "ராத்திரிக்குள்ள ஆளுங்க இருக்கிற லயம் பூரா தெரியும். மாரியம்மா காடின்னு சொல்லுவாங்க. நான் டீலருக்குக் குடுத்தா, துரை சாமி காடிய வித்துட்டான்னு பேசுவாங்க. போற நேரத்துல எனக்கு அந்தப் பேரு வேண்டாம்."

ஆக, வாங்க மாட்டேன் என்று நான் சொல்ல முடியாது, விற்க மாட்டேன் என்று அவர் சொல்ல முடியாது. இரண்டு பேரும் அந்தப் பச்சைக் காருக்கு இரண்டு பக்கமும் நின்று முழித்தோம். பழக்க தோஷத்தில் நான் மறுபடியும், "இந்தக் கூரை ஒழுகுமே" என்று ஆரம்பித்தேன். "நம்ம காடிய ஏன் திட்டுறீங்க?" என்று உன் அம்மா சீறினாள். நம்ம காடி!

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் ஆயுசில் வேறு எங்கும் பார்த்ததில்லை. துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, "டிரைவர், கேளு. டவுன்ல நின்னு நின்னு போனா எஞ்சின் கொதிக்கும். நான் சொல்லல. இப்ப சொல்றேன்" என்றார். எனக்கும் என்ன தோன்றியதோ, "ஐயா, அதுக்கென்ன, வண்டியோட முதுகு நேரா இருக்கு. ஒரு இடி படல. இதுமாதிரி கிடைக்காது" என்றேன். "ரெண்டாவது கியர் சத்தம் போடும். மெதுவா போடணும்" என்றார் அவர். "எஞ்சினை இது வரைக்கும் யாரும் பிரிச்சதில்ல, அது பெரிய விஷயம்" என்றேன் நான். மைல் குறைவாகக் காட்டுகிறதே, அதற்கும் காரணம் சொன்னார். காட்டுக்குள் கம்யூனிஸ்ட்காரர்கள் இருந்த அவசர காலத்தில் காட்டுப் பாதையில் திறந்த காரில் போனால் எந்த மரத்தின் பின்னாலிருந்து குண்டு வருமோ என்று, சில வருஷம் அதைக் கொட்டகையில் மூடியே வைத்திருந்தாராம். "ஓடாம நின்ன காடி. உள்ள ரப்பர் எல்லாம் காஞ்சு போச்சு. நீ மாத்தணும்" என்றார். குறைந்த மைலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட எனக்கு அது தோன்றவே இல்லை. ஓடித் தேய்வது தெரியும் எனக்கு, நின்றே கெடுவதைப் பற்றி நான் யோசித்ததில்லை, என் கார் என்றைக்கு நின்றது? ஆனாலும் விடாமல், "தோல் இருக்கை புதுசு மாதிரி இருக்குங்க" என்றேன். விற்கிறவர் காரைக் குறை சொல்லிக்கொண்டே இறங்க, வாங்குகிறவன் அதைப் புகழ்ந்துகொண்டே ஏற, கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தோம். அவர் மூவாயிரத்து நானூறு என்றார். நான் மூவாயிரத்து அறுநூறு என்றேன்.

குசினிக்காரர் சிரித்துவிட்டார். "ரெண்டு பேருக்குமே பேரம் பேசத் தெரியல" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நடுவுல வாங்க. மூவாயிரத்து ஐநூறு. முடிங்க, நேரம் ஆச்சு." அப்படித்தான் விலை முடிந்தது. முடிந்தபோது மணி நாலே கால்.

ஆகவே கமலா, நாலாயிரத்து ஐநூறு நியாயமான விலை இல்லை, நான் கேட்ட மூவாயிரமும் நியாயமான விலை இல்லை. அது இரண்டும் நாங்கள் ஒருவரை ஒருவர் பயமுறுத்திய விலை. மூவாயிரத்து ஐநூறுதான் அதன் விலை. ரப்பர் சாமான் மாற்ற, பிரேக் பார்க்க என்று நானே என் கையிலிருந்து செலவு செய்கிறேன், அது உனக்கு என் சீர். நாலாயிரத்தில் மிஞ்சிய ஐநூறுக்கு ஜாலான் பெண்டஹாரா நகைக்கடையில் ஒரு சங்கிலியும் ஒரு ஜோடி வளையலும் பார்த்து வைத்திருக்கிறோம். வெறுங்கழுத்தோடு நீ போக மாட்டாய். நாளைக்கு நீ ஒன்றை விற்கவோ வாங்கவோ உட்காரும்போது பழத்தைக் கையோடு கொண்டு போ என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாரும் அந்தத் துரை மாதிரி இருக்க மாட்டார்கள். ஆனால் மனசுக்குள் ஒரு முறை நசுக்கிப் பார். இது நம்முடையதுதான், இனி தப்பிக்க வழியில்லை என்று வைத்துக்கொண்டால் இதைப் பற்றி என்ன சொல்வேன் என்று உன்னையே கேள். அப்போது வாயில் வருவதுதான் நிஜமான விலை. மாப்பிள்ளையோடு சண்டை வரும் நாளிலும் இதையே செய்து பார், உதவும். உன் அம்மாவைப் பற்றி என்னை அறியாமலே அப்படிக் கேட்டுப் பார்த்துத்தான் அந்த ஒரு வாரமும் பூனை முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் கோபப்படாமல் இருந்தேன்.

வரும் வழியில் என் பழைய காரில் எனக்குத் தாங்கவில்லை. "கழுத்துல காடியவா மாட்டுவான்னு கேட்ட. பையில தேங்காயோட வந்திருக்க. எப்ப மனசு மாறுன?" என்று கேட்டேன். அவள் கொண்டையை அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தாள்.

"மாறல. தேங்காய் கோயிலுக்குத்தான் எடுத்தேன்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவளே சொன்னாள். "நான் கல்யாணமாகி வந்த புதுசுல, எங்க அம்மா ஜாசின்லதான் இருந்துச்சு. இந்தா இருக்கு ஜாசின். ஆனா எனக்குப் போகணும்னு இருக்கிறப்பெல்லாம் போக முடியாது. யாராவது கூட்டிட்டுப் போகணும். நீங்க சவாரில இருப்பீங்க, உங்க தம்பிக்கு வேலை இருக்கும். நாலு பேருகிட்ட கேட்டு, கேட்டது போதும்னு விட்டுருவேன். இன்னிக்கு அந்தக் காடில உக்காந்து போறப்ப நெனச்சேன். இவ ஈப்போவுல இருந்துக்கிட்டு, அம்மாவைப் பாக்கணும்னு தோணுச்சுன்னா யாரையும் கேக்க வேணாம். சாவிய எடுத்தா வந்துரலாம்."

எனக்குச் சடக்கு சரியாகத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்திக் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன். "கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் அவள். உனக்குப் பிடித்திருக்கிறது என்று இரண்டே சொல்லில் எழுதியிருந்தாய். அதற்கு மேல் காரணம் எதுவும் நீ யோசித்திருக்க மாட்டாய், இளவயசில் அது போதும். உனக்காக அவள் யோசித்துவிட்டாள்.

கார் இப்போது நம் வாசலில் நிற்கிறது. உனக்குப் பதினெட்டு வயதில், என் காரிலேயே ஓட்டிப் பழகி லைசென்ஸ் பரீட்சைக்கு நீ போனபோது, அந்த அதிகாரி, "உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டதும், "பின்னால உக்காந்து நடுங்கிக்கிட்டு இருக்காரு பாருங்க" என்று நீ சொன்னதும் நேற்றுப்போல இருக்கிறது. இனிமேல் நடுங்குவதற்குக்கூட எனக்குப் பின்னால் இடம் இல்லை, இந்தக் காரில் பின் இருக்கையே கிடையாது. உன் அம்மா தினமும் சாயங்காலம் ஈரத்துணியால் அதைத் துடைக்கிறாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "மகளோடது" என்கிறாள். யாருக்காவது கண் பட்டுவிடாதா என்று நான் கேட்டால், பெயரைத்தான் சொல்லவில்லையே என்கிறாள்.

கல்யாணம் முடிந்து நீ ஈப்போவுக்குக் கிளம்பும் அன்று உன்னைக் கொண்டுவந்து விட நாங்கள் யாரும் வரப் போவதில்லை. நீயே ஓட்டிக்கொண்டு போ. மாப்பிள்ளை பக்கத்தில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு உன் இஷ்டம், அது ஓடுவதற்காகவே செய்த கார், ஓட்டு. ஆனால் நம் வாசலிலிருந்து தெரு முனை திரும்பும் வரைக்கும் மட்டும் மெதுவாகப் போ, அம்மா. அது வரைதான் நீ எங்கள் கண்ணுக்குத் தெரிவாய்.

உன் அப்பா